வெளித்தாக்கம் இல்லை என்று சான்றளிக்கப்படுகிறது

மனிதன் தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கும் இடம் இந்தப் பூவுலகில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எங்கள் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறை. கதவில் ‘தொழில் தேர்வில் வெளித்தாக்க மதிப்பீட்டுப் பிரிவு’ என்று எழுதியிருக்கும். அதன் தலைவராக இருபத்திரண்டு ஆண்டுகளாக வீற்றிருக்கும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது. என் சான்றிதழ் இல்லாமல் இந்த ஊரில் எந்தப் பிள்ளையும் மேற்படிப்பில் சேர முடியாது.

எங்கள் நடைமுறை நுட்பமானது. பதினாறு கேள்விகள் கொண்ட படிவத்தை முதலில் வீட்டார் பென்சிலால் நிரப்புவார்கள். பிள்ளைகளை எழுதவிட்டால் அடித்தல் திருத்தல் வரும், காகிதம் பாழாகும் என்பதால் இந்த ஏற்பாடு. பிறகு பிள்ளை அதே எழுத்துகளின் மேல் பேனாவை ஓட்டி ‘சுயமாக’ எழுதும். மை காய்ந்ததும் பென்சிலை அழித்துவிடுவோம். ரப்பரை அலுவலகமே வழங்குகிறது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தாள். கூடவே அப்பாவும் பெரியப்பாவும். பெரியப்பா ஒரு கன்னத்தைக் கையால் தாங்கியபடியே உட்கார்ந்தார். படிவத்தில் ‘விரும்பும் தொழில்’ என்ற இடத்தில் ‘பல் மருத்துவர்’ என்று பென்சிலில் முத்துமுத்தாக எழுதியிருந்தது.

“நான்தான் சார் எழுதினேன்” என்றார் பெரியப்பா. “இந்தக் கடைவாய்ப் பல்லு எட்டு வருஷமா உயிரை வாங்குது. கண்டவங்க கிட்ட வாயைத் திறக்க முடியுமா? அதான் வீட்டுலயே ஒரு டாக்டரைத் தயார் பண்ணிடலாம்னு எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துட்டோம்.”

“எல்லாரும்னா?”

“நான், என் தம்பி, மச்சான், மச்சானோட சம்பந்தி.”

“பொண்ணு?”

“அவதான் சார் எல்லாருக்கும் டீ போட்டா” என்றார் அப்பா, பெருமையோடு.

நான் மதிப்பெண் போட ஆரம்பித்தேன். விதி நான்கின்படி, வெளித்தாக்கம் என்பது வீட்டுக்கு வெளியிலிருந்து வருவது. வீட்டார் எப்படி வெளியார் ஆவார்கள்? பெரியப்பாவுக்குப் பூஜ்யம். அப்பாவுக்கும் மச்சானுக்கும் பூஜ்யம். சம்பந்தி விஷயத்தில்தான் சற்றுத் தயங்கினேன். பேச்சு நடந்தபோது அவர் வீட்டுக்குள்ளேதான் உட்கார்ந்திருந்தார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அவருக்கும் பூஜ்யமே வழங்கினேன்.

“நீ ஏதாவது சொல்லணுமாம்மா?” என்று கேட்டேன். இந்தக் கேள்வி படிவத்தில் கிடையாது. என் பெருந்தன்மை.

“சார், உங்க லிஃப்ட் தரைக்கு அரை அடி கீழயே நின்னுடுது. பிரேக் தேஞ்சிருக்கு. யாராவது தடுக்கி விழுறதுக்குள்ள பாக்கச் சொல்லுங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பன்னெண்டு வயசுல லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன் சார். ஒரு மெக்கானிக் அண்ணன் வந்து திறந்துவிட்டார். மேல கூட்டிட்டுப் போய் மோட்டாரையும் காட்டினார். அன்னிலேர்ந்து எனக்கு அந்த வேலைதான் புடிச்சிருக்கு.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “அந்த மெக்கானிக் உங்க வீட்டு ஆளா?”

“இல்ல சார்.”

“அப்போ வெளியாள்!”

என் பணிக்காலத்திலேயே கையும் களவுமாகப் பிடிபட்ட முதல் வெளித்தாக்கம் அது. பத்து மதிப்பெண் போட்டுச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன்.

“அப்போ எனக்குப் புடிச்சது வெளியாள் தூண்டுதல். பெரியப்பாவுக்குப் புடிச்சது என் சொந்த விருப்பம். அப்படித்தானே சார்?”

“சரியாப் புரிஞ்சுக்கிட்டே!” எனக்கு உள்ளம் குளிர்ந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளில் விதிகளை இவ்வளவு சீக்கிரம் கிரகிப்பவர்கள் யார் இருக்கிறார்கள்?

பேனாவை நீட்டினேன். அவள் ரப்பரை எடுத்தாள். பென்சில் எழுத்தைப் பரபரவென்று தேய்த்தாள், தூளை ஊதினாள், பிறகு பேனாவை வாங்கி ‘லிஃப்ட் மெக்கானிக்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

“ஏய், என்ன பண்றே!” பெரியப்பா கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். “டேய் தம்பி, பென்சிலைக் கொடுடா!”

அப்பா பென்சிலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு பென்சிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “விடுங்கண்ணே. பல்லை நாளைக்கே புடுங்கிடலாம். நான் கூட வரேன்.”

நான் விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். மையால் எழுதும் முன்பே பென்சிலை அழிக்கக் கூடாது என்று எங்குமே இல்லை. பத்து மதிப்பெண் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று வேறு இருந்தது. இதுவரை யாரும் பூஜ்யத்தைத் தாண்டாததால் அந்தப் பக்கத்தை நான் படித்ததே இல்லை. வேறு வழியின்றிச் சான்றிதழ் கொடுத்தேன். அவள் துள்ளிக் குதித்துப் போனாள், படிக்கட்டு வழியாக.

படிவத்தை அலமாரியில் வைக்கப் போனபோது அடியில் ஒரு பழுப்புக் காகிதம் தட்டுப்பட்டது. நான் இந்த வேலைக்குச் சேர்ந்தபோது நிரப்பிய படிவம். அவசரத்தில் பென்சிலை அழிக்காமல் விட்டிருந்தார்கள். பதினாறாவது கேள்வி: ‘உங்கள் சொந்த ஆசை என்ன?’ அதற்கு என் மாமாவின் கையெழுத்தில் பதில் இருந்தது: ‘அப்படி எதுவும் கிடையாது. எனவே இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானவன்.’ அதன் மேல் என் பேனா ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஓடியிருந்தது.

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. ரப்பரை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். பென்சில் மட்டும் போயிற்று. இப்போது யார் பார்த்தாலும், அது முழுக்க முழுக்க நானே சுயமாக எழுதியதுதான்.