மிளகுக்குக் குடல் எடுத்த கதை

மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் எதுவும் சொல்லத் தகுந்த விஷயமே இல்லை என்று நம்பித்தான் எழுபது வயதைத் தாண்டி வந்திருக்கிறேன். அந்த நம்பிக்கையால் என் மருமகளுக்கு ஒரு வருட வெள்ளாமை போனது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். (அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.)

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்விதான் எழுதுகிறாள். சில இடங்களில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைக்கிறாள். அங்கெல்லாம் என்ன எழுதினாள், எழுதினாளா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது.

எங்கள் காடு கொல்லிமலையில் தேவனூர் நாட்டில் இருக்கிறது. (எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு.) மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடிதான் சொத்து. கிழக்கோரம் நிற்கிற நாலு மரம் என் அப்பன் நட்டது, மீதி நான் நட்டது. நான் நட்ட வருடம் என் மச்சான் பலா மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான், அவனைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு அடிவாரம் இறங்கினோம், வழியில் அவன் பசிக்குது என்று... சரி, அது வேறு கதை. (பேனா கீழே.)

மிளகு பறிக்கிற மாதத்தில்தான் எங்கள் மலையில் மஞ்சு, அதுதான் பனிமூட்டம், இறங்கும். பறித்ததை ரோட்டோரம் தார்ப்பாயில் காயப்போடுவோம். பத்து மணிக்கு வெயில் வரும், பன்னிரண்டு மணிக்கு மஞ்சு வரும், நடுவில் சுற்றுலாக் கார் வந்து மேலே ஏறும். மூன்றுக்கும் தப்பிய மிளகில் பூசணம் பிடிக்கும். அதை மூட்டை கட்டிச் சோளக்காட்டுச் சந்தைக்குக் கொண்டுபோனால் வியாபாரி ஒரு கை அள்ளி மூக்கில் வைத்துப் பார்த்து, செத்த எலியை முகர்ந்தவர் மாதிரி முகத்தைச் சுளிப்பார். அவர் சுளிக்கிற சுளிப்புதான் அன்றைய விலை.

செல்விக்கு ஒரே ஒரு ஆசை. மேலே கண்ணாடி மாதிரி ஷீட் போட்ட உலர்த்துகிற கொட்டாய் ஒன்று வேண்டும். மஞ்சு வந்தாலும் மழை வந்தாலும் உள்ளே சூடு நிற்கும், மிளகு கருகருவென்று காயும். நம் மிளகும் காய வைக்கலாம், அக்கம்பக்கத்துக்காரர் மிளகையும் கூலிக்குக் காய வைத்துக் கொடுக்கலாம். சிறுதொழில் தொடங்க அரசாங்கம் மானியம் தருகிறது என்று கிராம சபையில் சொன்னார்கள். சொன்ன மறுநாளே விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டாள். என் மகன் போர் வண்டியில் வேலைக்குப் போய் வடக்கே எங்கேயோ பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தான். காடோ என் பெயரில். அதனால் செல்வியோடு நான் போக வேண்டியதாகிவிட்டது. அரசாங்கம் செய்த முதல் தப்பு அதுதான்.

விண்ணப்பத்தோடு 'திட்ட அறிக்கை' என்று ஒன்று வேண்டும் என்றார்கள். தொழில் எப்படி நடக்கும், என்ன லாபம் வரும் என்று முப்பது பக்கத்துக்கு எழுத வேண்டுமாம். மிளகு காய வைக்க முப்பது பக்கம் என்றால் மிளகே பயந்து காய்ந்துவிடும். அடிவாரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவர் அதையெல்லாம் எழுதித் தருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம்.

"என்ன தொழிலுங்க?" என்று கேட்டார்.

"மொளகு காய வெக்கிறதுங்க" என்றாள் செல்வி.

"காய வெக்கிறதா? ரெடியா இருக்குதுங்க."

எங்களைப் பார்த்ததுமே ரெடியாக இருக்கிறதே, என்ன ஒரு சுறுசுறுப்பு என்று நான் அந்த மனிதரை வாயாரப் புகழ்ந்தேன். ஆனால் கையில் கொடுத்தது என்னவோ கடைசித் தேதி அன்று, ஆபீஸ் பூட்டுகிற நேரத்தில். கையெழுத்துப் போட வேண்டிய இடமெல்லாம் பென்சிலில் பெருக்கல் குறி இருந்தது. செல்வி மூச்சு வாங்கப் போட்டாள். நானும் போட்டேன். (எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து வேலை அது.) படித்துப் பார்க்க நேரம் இல்லை. ஆபீசில் மூன்று மேசை தாண்டியது. மூன்றிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை விழுந்தது. சத்தம் நன்றாக இருந்தது.

நேர்காணலுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஆளுக்கு மூன்று நிமிடம் பேச வேண்டுமாம். விடியற்காலை பஸ்ஸில் கீழே இறங்கினோம். வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப செல்வி தான் சொல்லப் போவதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். மிளகு, மஞ்சு, கொட்டாய். அவ்வளவுதான். ஒரு வளைவு திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

"என்ன கண்ணு, இது சபையில பேசற பேச்சா? கடையில உப்பு கேக்கற மாதிரி இருக்குது" என்றேன்.

"அவங்க கேக்கறது அவ்வளவுதானுங்க மாமா."

"நாம யாரு, எந்த நாடு, யாரு மகன், பொண்ணு குடுத்தது எந்த ஊருன்னு சொல்லோணும். அப்பறம் அவங்க சொல்லுவாங்க. அப்பறந்தான் வந்த காரியத்த எடுக்கோணும். நீ சின்னப்புள்ள, உனக்கு முறை தெரியாது."

"மாமா, நீங்க கையெழுத்துப் போட மட்டும் வாங்க, சாமி. உங்களக் கும்புட்டுக்கறேன்."

எங்கள் மலையில் அதுதான் வழக்கம். பெண் கேட்கப் போனாலும், வரப்புத் தகராறைப் பேசப் போனாலும், வம்சம் சொல்லாமல் காரியம் சொன்னால் அது பிச்சை கேட்பது மாதிரி. ஊர்க்கவுண்டர் முன்னால் நான் வம்சம் சொல்ல எழுந்தால் கிழவர்கள் வெற்றிலைப் பையைத் திறந்து சாவகாசமாக உட்கார்ந்துகொள்வார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்து செய்ததாக இருக்கலாம் என்பது இப்போதுதான் தோன்றுகிறது.

கூடத்தில் எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: நடுவில் ஒரு அதிகாரி அம்மா, ஒரு பக்கம் பேங்க்காரர், இன்னொரு பக்கம் கண்ணாடி போட்ட ஒரு ஐயா. ஓரத்தில் நின்ற பியூனிடம் மணி. ஒவ்வொருவராகப் போனார்கள். பேக்கரி, செங்கல் சூளை, டெய்லர் கடை, கோழிப்பண்ணை. எல்லோரும் "என்னுடைய தொழிலால் பத்துப் பேருக்கு வேலை கிடைக்கும்" என்று சொல்லி முடித்தார்கள். எல்லோருக்கும் அதே ஜெராக்ஸ் கடைதான். அன்றைக்கு அந்தக் கூடத்தில் உண்டான வேலைக்கெல்லாம் ஆள் போட வேண்டுமென்றால் பக்கத்து மாவட்டத்தில் போய்க் கூட்டி வர வேண்டும். அம்மா தலையாட்டினார். மணி அடித்தது. பைலை யாரும் திறக்கவில்லை. பதினோரு பேரும் சிரித்த முகமாக வெளியே வந்தார்கள்.

எங்கள் முறை வந்தது. செல்வி வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டேன்.

"சபைக்கு வணக்கமுங்க. நான் தேவனூர் நாடு. எங்க அப்பன் பேரு பெரியண்ணன். அவங்கப்பன் மூணு நாட்டுக்கும் பொதுவா நாயம் பேசினவரு..."

அம்மா தலையாட்டினார். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. பாட்டனிலிருந்து பெரியப்பனுக்குப் போனேன். பெரியப்பனிலிருந்து அவர் வளர்த்த செவலைக் காளைக்குப் போனேன். காளை அடிவாரச் சந்தையில் காணாமல் போய்த் தானாகவே மலையேறி வீட்டுக்கு வந்ததைச் சொன்னேன். மணி அடித்தது. கோயில் மணி அடித்தால் நல்ல சகுனம் என்று நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, மேலே தொடர்ந்தேன். செல்வி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அவிழ்ந்துவிடும் என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பேசினேன். மறுபடி மணி. பேங்க்காரர் மின்விசிறியைப் பார்த்தார். கண்ணாடி ஐயா கொட்டாவி விட்டார், நகத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். வேறு எதுவும் பார்ப்பதற்கு இல்லாமல் போய், எங்கள் பைலைத் திறந்தார்.

நான் அத்தை வழிக்கு வந்திருந்தபோது அவர் கையைத் தூக்கினார்.

"பெரியவரே, ஒரு நிமிசம். உங்க ஊரு கடற்கரைய ஒட்டி இருக்குதுங்களா?"

அவர் தம் வம்சத்தைச் சொல்லத் தொடங்குகிறார் என்று நினைத்தேன். "நீங்க கடற்கரைப் பக்கமுங்களா?" என்றேன் மரியாதையாக.

"நான் இல்லைங்க, நீங்க. 'இப்பகுதி கடற்கரையை ஒட்டி அமைந்துள்ளதால் மிளகு வரத்து தங்கு தடையின்றி இருக்கும். படகுகள் கடலுக்குச் செல்லாத நாட்களில் மட்டும் உற்பத்தி பாதிக்கப்படும்.' இங்க போட்டிருக்குதே."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐயா பக்கத்தைத் திருப்பினார்.

"'மிளகு செதில் நீக்கி, குடல் எடுத்து, உப்புத் தடவி உலர்த்தப்படும். பூனைத் தொல்லையைத் தவிர்க்க வலை அமைக்கப்படும்.' ஏனுங்க பெரியவரே, மொளகுக்குக் கொடலு எங்கீங்க இருக்குது?"

யாரோ கருவாட்டுத் தொழிலுக்கு எழுதிய அறிக்கை. ஜெராக்ஸ் கடைக்காரர் கருவாடு வந்த இடத்திலெல்லாம் மிளகைப் போட்டிருக்கிறார். நாங்கள் போனபோது ரெடியாக இருந்தது அதுதான். அந்த நேரத்தில், "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் மூன்று நாட்டுக்கும் நியாயம் பேசிய பாட்டன் பெயரை இப்போதுதான் சொல்லி முடித்திருக்கிறேன். சபையில் கொண்டுவந்து வைத்த காகிதத்தை நானே பொய் என்று சொல்வதா?

"சின்ன மொளகுக்கு எடுக்கறதில்லீங்க" என்றேன். "பெருசா இருந்தா எடுப்போம்."

செல்வி என் வேட்டியை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அம்மா பைலை வாங்கி மூன்று முத்திரையையும் பார்த்தார். "இதச் சரிபார்த்தது யாரு?" என்று கேட்டார். பேங்க்காரர் மறுபடி மின்விசிறிக்குப் போனார். கண்ணாடி ஐயா, தம்முடைய முத்திரையும் அதில் ஒன்று என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது போல, கையை நீட்டி அம்மா முன்னால் இருந்த பைலை மெதுவாக மூடினார். பிறகு அம்மா, "வெளிய போன பதினோரு பேரு பைலையும் எடுங்க" என்றார். எடுத்தார்கள். படித்தார்கள். ஒருவருக்கும் அன்றைக்கு மானியம் இல்லை. திருத்தி எழுதி அடுத்த வருடம் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் பேக்கரிக்காரர் செல்வியிடம் வந்தார். "ஏம்மா, இந்தப் பெருச ஊட்டுல கட்டிப்போட்டுட்டு வந்திருக்கக் கூடாதா? படிக்காம இருந்தவங்கள உக்கார வெச்சுப் படிக்க வெச்சுட்டாரே."

செல்வி என்னை இழுத்துக்கொண்டு போய் பஸ் ஏறினாள். வளைவெல்லாம் ஏறி மலைக்கு வந்த பிறகுதான், வெளியே பார்த்துக்கொண்டே, "நான் சொன்னது அரை நிமிசந்தானுங்க மாமா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. (இருந்தது. கொஞ்சம் நீளம்.)

அந்த வருடம் மஞ்சு என்மேல் கோபித்துக்கொண்ட மாதிரி இறங்கியது. மிளகெல்லாம் பூசணம். செல்வி மூட்டையைச் சோளக்காட்டில் இறக்கியபோது வியாபாரி கையில் அள்ளக்கூட இல்லை, தூரத்தில் நின்றே சுளித்தார். அவர் சொன்ன விலைக்கே அவள் கொடுத்ததைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். யாரும் சொல்லாமலே நான் பேசாமல் நின்ற நாள் என் ஆயுசில் அது ஒன்றுதான்.

மறுவருடம் அறிக்கையை அவளே எழுதினாள். மாட்டுக்குத் தீவனம் வைத்து, சோறாக்கி, எல்லா வேலையும் முடித்து உட்கார்ந்து, கோடு போட்ட நோட்டில் மூன்று மாதம் எழுதினாள். எத்தனை மணிக்கு மஞ்சு இறங்குகிறது என்று நாள்வாரியாகக் குறித்து வைத்திருந்தாள். "இந்தத் தடவ படிக்கட்டும் மாமா. பூராவும் படிக்கட்டும்" என்றாள். காடு இன்னும் என் பெயரில்தான் இருந்ததால் நானும் போனேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று மாரியம்மன் பெயரில் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கூட்டிப்போனாள்.

அதே மூன்று பேர். நான் உள்ளே கால் வைத்துக் கும்பிட்டேன், அவ்வளவுதான்.

"ஐயா, உக்காருங்க உக்காருங்க" என்றார் அம்மா. "நீங்க எந்த நாடுன்னு எங்களுக்குத் தெரியும். ஒண்ணும் சொல்ல வேண்டாம்." திரும்பி, "இவங்களுக்குப் போட்டு அனுப்புங்க" என்றார். கண்ணாடி ஐயா அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டார்.

செல்வி நோட்டை முன்னால் தள்ளினாள். "அம்மா, இது நானே எழுதினதுங்க. ஒருக்கா பாத்தீங்கன்னா..."

"எல்லாம் சரியா இருக்குதும்மா. பத்துப் பேருக்கு வேலை கெடைக்கும், இல்லையா?"

"ரெண்டு பேருக்குங்க. நானும் எங்கூட்டுக்காரரும்."

"பத்துன்னே போட்டுக்கறேன்" என்றார் அம்மா.

கொட்டாய் வந்துவிட்டது. மகனும் போர் வண்டியை விட்டுவிட்டு வந்துவிட்டான். சோளக்காட்டு வியாபாரி இப்போது எங்கள் மிளகை முகர்ந்துவிட்டு வேறு மாதிரி சுளிக்கிறார். நேர்காணல் நடக்கிற மாதம் வந்தால் மலையில் யாராவது ஒருவர் என்னைத் துணைக்குக் கூட்டிப்போக வந்து நிற்கிறார். பேச வேண்டியதில்லை, வாசலில் தெரிகிற மாதிரி உட்கார்ந்தால் போதுமாம்.

செல்விக்குத்தான் மனசு ஆறவில்லை. பொய்யாக எழுதியதை வரி வரியாகப் படித்தார்கள், மெய்யாக எழுதியதை அட்டையைக்கூடத் திறக்கவில்லை என்று குமைந்துகொண்டே இருந்தாள். ஒரு நாள் கொட்டாய்க்குள் மிளகைக் கிளறிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்களாவது கேளுங்க மாமா" என்று நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். அவள் பிறந்த ஊர், அவள் அப்பன், கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தது, கிழக்கோரம் நிற்கிற நாலு மரம். ஐந்தாவது பக்கம் வரைக்கும் நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். அதுவரை மிளகு வரவில்லை. அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது. கொட்டாய்க்குள் நல்ல சூடு.

வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் இன்றைக்கும் இதைச் சொல்லித்தான் காப்பி கொடுக்கிறாள்: "எங்க மாமா பேசுனா ஆபீசரு படிப்பாரு. நான் படிச்சா எங்க மாமா தூங்குவாரு."