கொடி சாரின் ரத்தம்

“…ஆகக்கூடி, காய்ச்சலை மறைச்சு இந்தப் பிள்ள சோத்துல மண்ணப் போட்டுட்டேன் வே!” என்று என்னிடம் சொல்லிவிட்டு, கொடி சார் கைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பாளையங்கோட்டையில் அவர் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. பல் பிடுங்கும்போதே பல் டாக்டருக்குப் பாடம் எடுத்தவர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ரத்த செல்களை லேசர் ஒளிக்குள் ஓடவிட்டுப் பார்க்கிற எந்திரம் அவர் பொறுப்பு. சாமான் அறை என் பொறுப்பு. ரத்தத்தில் நோயை எதிர்த்து நிற்கிற டி செல் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் டீக்கடையில் சொன்னதுதான்.

“டி செல்லு சும்மா இருக்கையில சாது வே. எதிராளியக் கண்டு முழிச்சிட்டுன்னா மேலுக்குக் கொடி ஏத்திரும். எல்லாம் புரதம்! மொதல்ல சிடி அறுபத்தொம்பதுன்னு ஒரு கொடி, பொறவு பைய இருபத்தஞ்சு. சோலி முடிஞ்சா இறக்கிரணும். இறக்காம நின்னா அதுதான் சீக்கு.”

இதை ஊருக்கே பொருத்துவார்; கொடி சார் என்ற பேரே அதில் வந்ததுதான். கல்யாணப் பந்தியில் பாயசம் கிடைக்காத சம்பந்தியைக் காட்டி, “அறுபத்தொம்பது ஏறிட்டு வே! இருபத்தஞ்சு ஏறுததுக்குள்ள இலைய மடக்கும்!” என்று கத்துவார். பந்தியே திரும்பும். நான் அப்பளத்துக்குப் பின்னால் முகத்தை ஒளிப்பேன்.

அவரிடமே இறங்காத கொடி ஒன்று உண்டு. டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் மச்சான், ஒரு விருந்தில் இவரை முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லையாம். அன்றோடு பேச்சு நின்றது. “அவனுக்கு ஒரு தும்மல்கூட வராது வே. என்ன நியாயம் இது?” என்று புலம்புவார்.

ஜெசிந்தா எங்களிடம் ஆராய்ச்சி செய்யும் பெண். மூட்டுவாத நோயாளியின் ரத்தத்தோடு, சுகமாக இருப்பவர் ரத்தத்தையும் அதே நாளில் ஓட்டி, எதில் எத்தனை கொடி என்று ஒப்பிட வேண்டும். ரத்தம் தர வருகிறேன் என்ற சுகமான ஆள் அன்று வரவில்லை. பிள்ளை கண் கலங்க நிற்பதைப் பார்த்ததும் கொடி சார் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார்.

“என்னய எடு தாயி. என் செல்லு தூங்குமூஞ்சி.”

“காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே சார்?”

“எனக்கா? நல்லாக் கேட்ட!”

திரையில் பார்த்தால், சாரின் செல்கள் எல்லாக் கொடியும் ஏற்றி, குலசை தசராக் கூட்டம் மாதிரி வேஷம் கட்டி நிற்கின்றன. ஜெசிந்தா அவர் கையைத் தொட்டாள். கொதித்தது.

“சார்…” என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கொடியைக் காட்ட செல்லில் ஒட்டுகிற சாயம் இன்னும் ஒரு தடவைக்குத்தான் மிச்சம். அடுத்த நோயாளி வருவது அடுத்த வாரம். அதுவும் வீணானால் அவள் உழைப்பெல்லாம் போச்சு.

துண்டுக்குள் முகத்தை வைத்திருந்த மனிதரிடம் பையக் கேட்டேன்: “நோய்நொடி இல்லாத ஆள் வேற யாரும் தெரியுமா சார்?”

துண்டு சொன்னது: “ஒருத்தன் இருக்கான் வே. தும்மல்கூட வராதவன்.”

காய்ச்சல் விட்டதும் என் பைக்கில் ஏறினார். டவுன் வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது.

கல்லாவில் இருந்த மச்சான் நிமிர்ந்தார். “என்னத்தான், வழி தப்பிட்டா? இங்க கடைசிப் பந்திகூட முடிஞ்சிட்டே!”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் சார் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தரையெல்லாம் ஆணி சிதறிக் கிடந்த அந்தக் கடைக்குள் வெறுங்காலோடு ஏறினார்.