மாடியேறிய ‘கழிவறைப் பராமரிப்பு’

சம்பந்தியின் ராணியை வெட்டுவதற்குப் பதிவறைக்காரர் விரலை ஓங்கிய நேரத்தில்தான் கதவு தட்டப்பட்டது.

செல்போன் சதுரங்கத்தில் மூன்று வருடமாக அவரை ஓட ஓட விரட்டி வந்த சம்பந்தி, அன்று காலை பதினொன்று இருபதுக்கு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு தப்பு செய்திருந்தார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் தலைநிமிர்ந்து நிற்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது. ஆனால் கதவைத் தட்டியவர் மேலாளர்.

போன் சட்டைப்பைக்குள் போன வேகத்தைக் கண் பார்த்திருக்க முடியாது.

“ஃபைல் சார், இவங்க வைஃபை சர்வே பண்ண வந்திருக்காங்க. இந்தக் கட்டடத்து மூலைமுடுக்கெல்லாம் உங்களுக்குத்தான் அத்துப்படி. கூடவே போய்க் காட்டுங்க. பன்னிரண்டு மணிக்குத் தலைமை ஆபீஸோட எனக்கு வீடியோ மீட்டிங் இருக்கு” என்று சொல்லிவிட்டு மேலாளர் போய்விட்டார்.

வாசலில் ஒரு பெண் நின்றாள். கழுத்தில் மாட்டிய பட்டையிலிருந்து மடிக்கணினி திறந்தபடி தொங்கியது, தட்டு ஏந்தி நிற்பது போல.

“இது என்னம்மா பண்ணும்?” என்றார் பதிவறைக்காரர். குரல் ஏற்கெனவே அரையடி இறங்கியிருந்தது.

“காத்துல எந்தெந்த நெட்டு ஓடுது, எது எங்கிருந்து வருது, எவ்வளவு பலமா வருதுன்னு எல்லாம் காட்டிடும் அங்கிள். நான் நடந்துக்கிட்டே இருந்தாப் போதும். பலமா வந்தா பச்சை, இல்லேன்னா சிவப்பு.”

“யாராவது திருட்டுத்தனமா ஒண்ணு வெச்சிருந்தா?”

“அதுதான் முதல்ல மாட்டும்.”

அவருடைய இதயம் அடித்த அடியில் அலமாரியிலிருந்து இரண்டு கோப்புகள் விழுந்தன. மூன்றாவதும் விழப் பார்த்தது, அவர் பிடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். அலுவலக வைஃபை பதிவறை வாசலோடு நின்றுவிடும், செருப்பைக் கழற்றச் சொன்ன விருந்தாளி போல. அதனால் மாப்பிள்ளை ஒரு குட்டிப் பெட்டி வாங்கிவந்து, அலமாரிக்குப் பின்னால் சுவரில் இருந்த இணையக் கம்பியில் சொருகிக் கொடுத்திருந்தார். எட்டு மாதமாக அது அங்கே மூன்று பச்சை விளக்கோடு குடித்தனம் நடத்தி வந்தது. “என்ன பேரு வைக்கட்டும் மாமா?” என்று மாப்பிள்ளை கேட்டபோது, மாமா அரைமணி நேரம் யோசித்து, எவனும் கிட்டவே வரக்கூடாத பெயராகச் சொன்னார்: ‘கழிவறைப் பராமரிப்பு’. கடவுச்சொல் மறந்துவிடும் என்று பதிவறைச் சாவியில் தொங்கும் மரக்கட்டையில் பொடி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திங்கட்கிழமை எல்லாருடைய மின்னஞ்சலுக்கும் மேலாளரின் சுற்றறிக்கை வந்தது: அலுவலக இணைப்பில் சொந்தக் கருவி பொருத்துவோர் அன்றே பணிநீக்கம் செய்யப்படுவர். பதிவறைக்காரர் ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருந்தது. அன்றைக்கே பெட்டியைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். ஆனால் அன்றைக்குச் சம்பந்தியின் யானை ஒன்று தனியாக மாட்டிக்கொண்டிருந்தது.

“ஒரு மாத்திரை போட்டுட்டு வந்துடறேம்மா” என்று சொல்லி அலமாரிக்குப் பின்னால் நுழைந்தார். கண்ணை மூடிக்கொண்டு இணையக் கம்பியை ஒரு இழு. மின்சாரக் கம்பியை ஒரு இழு.

அதே நொடியில் மேல்மாடியில் யாரோ “போச்சு” என்று கத்தினார்கள். அவர் காதில் அது ஏறவில்லை. ஏனென்றால் பெட்டியின் பச்சை விளக்குகள் மூன்றும் அவரைப் பார்த்து எரிந்துகொண்டே இருந்தன.

அப்போதுதான் நினைவு வந்தது. மின்வெட்டில் ஆட்டம் தடைப்படக் கூடாது என்று, உள்ளே பேட்டரி வைத்த பெட்டியாகக் கேட்டு வாங்கியவர் அவரேதான். பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினார். மூன்று விளக்கு நான்காயிற்று. மறுபடி அழுத்தவில்லை, ஐந்தானால் தாங்கக்கூடிய வயது அவருக்கு இல்லை.

இரும்புக்குள் வைத்தால் சிக்னல் வெளியே வராது என்று எங்கோ கேட்டிருந்தார். டிபன் கேரியரைத் திறந்தார். மனைவி விடியற்காலையில் எழுந்து கட்டிக் கொடுத்த மதியச் சாப்பாட்டை, நின்ற இடத்திலேயே, ஏழே வாயில் விழுங்கினார். பெட்டியை உள்ளே வைத்தார். மூடி ஒரு விரற்கடை மூடவில்லை. அப்படியே துணிப்பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்க்கக் கிளம்பியவர் போல வெளியே வந்தார்.

“பெரிய மாத்திரை போல” என்றாள் சர்வேப் பெண்.

அவர் தலையாட்டினார். விக்கல் எடுத்தது.

நடைபாதையில் பத்தடி போனதும் அவள் நின்றாள். “அங்கிள், ‘கழிவறைப் பராமரிப்பு’ன்னு ஒண்ணு காட்டுது. கழிவறை எங்க இருக்கு?”

“மாடியில.”

“ஆனா இங்கேயே பச்சையா வருதே.”

“நாத்தமே வருது, நெட்டு வராதா?”

அவள் சிரித்தாள். அவருக்கு உயிர் வந்தது. இரண்டு நிமிடம்தான். தட்டச்சுப் பிரிவுக்குள் நுழைந்ததும் சிரிப்பு நின்றது.

“இங்கேயும் பச்சை” என்றாள்.

தட்டச்சுக்கார அம்மா எழுந்து வந்தார். “ஏம்மா, நீதான் சர்வேயா? இருபது நிமிஷமா நெட்டு இல்ல. என்னத்தைத் தொட்ட?”

“நான் எதையுமே தொடலைங்க. சும்மா நடக்கறேன்.”

“நீ நடக்க ஆரம்பிச்சதுலேருந்துதான் இல்ல.”

பதிவறைக்காரர் பேச்சை மாற்ற நினைத்தார். “வாம்மா, மாடியைப் பாத்துடலாம்.” இதைவிட மோசமான யோசனை அந்த வருடத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது.

படியேறும்போது போன் அடித்தது. சம்பந்தி.

“என்ன சம்பந்தி, பாதி ஆட்டத்துல ஓடிட்டீங்க? ராணியைப் பாத்து பயமா? நேரம் முடிஞ்சு போன்ல ஆட்டத்தை என் பேர்லயே எழுதிடுச்சு.”

“பயம்தான் சம்பந்தி. ராணிக்கு இல்ல” என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு வைத்தார். இன்னும் ஆறு மாதத்துக்கு எந்தக் குடும்ப விசேஷத்திலும் இதையே சொல்லிக் காட்டுவார்கள். வேலையே போய்விட்டால் வேறு எதையாவது சொல்லிக் காட்டுவார்கள். எது மேல் என்று கணக்குப் போடக்கூடத் தெம்பில்லை.

மேல்படியில் சர்வேப் பெண் சிலையாக நின்றாள். திரை வெளிச்சத்தில் அவள் முகமே பச்சையாக இருந்தது.

“அங்கிள். கீழ இருந்தப்போ இது கீழ இருந்துச்சு. நாம மாடிக்கு வந்தா இதுவும் மாடிக்கு வந்திருக்கு.”

“கொடுத்து வெச்சது. முட்டி வலிக்காம ஏறியிருக்கு.”

“விளையாடாதீங்க அங்கிள். ஆறு வருஷமா இந்த வேலை பாக்கறேன். சுவத்துல மாட்டினது சுவத்துலதான் இருக்கும். இது நம்ம பின்னாலயே நடந்து வருது.”

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “கொஞ்சம் பக்கத்துலயே இருங்க. நீங்க இருந்தா தைரியமா இருக்கு.”

அவர் பக்கத்தில் வந்தார். திரையில் இருந்த புள்ளி கரும்பச்சை ஆயிற்று. பதறி இரண்டடி விலகினார். இளம்பச்சை ஆயிற்று. அவள் பயந்து ஒட்டிக்கொண்டாள். மறுபடி கரும்பச்சை. இப்படி இரண்டு பேரும் மாடி நடைபாதை முழுக்க ஒட்டுவதும் விலகுவதுமாகப் போனதைத் தட்டச்சுக்கார அம்மா கீழிருந்து பார்த்துவிட்டு, விஷயம் விளங்கிப்போனவராக மாடிக்கே ஏறி வந்தார்.

“கழிவறைப் பராமரிப்பா? அது அந்தக் குழாய்க்காரர் ஆவிதான். ஒழுகற குழாயைச் சரிபண்ணாமயே போய்ச் சேந்தாரே.”

“அவர் சாகலைம்மா. மகன் வீட்டுக்குப் போனார்” என்றார் பதிவறைக்காரர்.

“போனதை யார் பாத்தது?”

யாரும் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் நாற்பது பேர் கொண்ட அலுவலகத்தில் முப்பத்தெட்டு பேர் நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். குழாய்க்காரரிடம் கைமாற்றாகத் திருகுளி வாங்கித் திருப்பித் தராத ஒருவர் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

மேலாளர் அறைக் கதவு திறந்தது. அவர் நெற்றி வியர்த்திருந்தது. “மீட்டிங்குக்குப் பத்து நிமிஷம் இருக்கு. ஏன் எதுவுமே வேலை செய்யல? சர்வேக்காரம்மா, காரணம் எனக்கு இப்பவே தெரியணும்.”

“சார், அடையாளம் தெரியாத ஒரு கருவி இருக்கு. இங்கேயேதான். ரொம்பப் பக்கத்துல” என்று சொல்லி அவள் மெல்லத் திரும்பினாள். மடிக்கணினியும் திரும்பியது. வரிசையாக ஒவ்வொருவரையும் கடந்து அது தன்னை நோக்கி வருவதைப் பதிவறைக்காரர் பார்த்தார். ஏழு வாயில் விழுங்கிய சாப்பாடு எட்டாவது வாயாகத் திரும்பிவரத் தயாரானது.

“எனக்கு வயித்தைக் கலக்குது” என்றார். வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே கலப்படமில்லாத உண்மை.

கழிவறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டார். ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் தூக்கினார். கேரியரிலிருந்து எடுத்த பெட்டி நான்கு விளக்கோடு அவரைப் பார்த்தது. மாப்பிள்ளை முகம் போலவே இருந்தது. “மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை” என்று முணுமுணுத்துத் தண்ணீருக்குள் விட்டார். நான்கு, மூன்று, ஒன்று. இருட்டு.

வெளியே சர்வேப் பெண்ணின் குரல் கேட்டது. “போயிடுச்சு. கழிவறைக்குள்ளயே போய் மறைஞ்சிடுச்சு.”

“நான்தான் சொன்னேனே” என்றது தட்டச்சுக்கார அம்மாவின் குரல்.

வெளியே கூட்டம் கலைந்ததும் பதிவறைக்காரர் பின்படி வழியாகப் பதிவறைக்குப் போய், ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, நாற்காலியில் சரிந்தார். பதினான்கு மாதமும் திரும்பி வந்து மடியில் உட்கார்ந்தது போல இருந்தது. கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது.

பிறகு கதவு திறந்தது. மேலாளர். பின்னால் சர்வேப் பெண். அவளுக்குப் பின்னால் துப்புரவு அக்கா, கையில் வாளி. வாளிக்குள் பெட்டி சொட்டிக்கொண்டிருந்தது.

“ஃப்ளஷ் வரலைன்னு திறந்தேன். உள்ள இது படுத்திருக்கு” என்றாள் துப்புரவு அக்கா.

“இதுதான் சார் அது. அடியில ‘கழிவறைப் பராமரிப்பு’ன்னு சீட்டே ஒட்டியிருக்கு” என்றாள் சர்வேப் பெண். பயம் போய் அவள் முகத்தில் படிப்பு திரும்பியிருந்தது. அந்தச் சீட்டை ஒட்டியவரும் மாப்பிள்ளைதான்.

மேலாளர் வாளியைப் பார்த்தார். “தலைமை ஆபீஸ் முன்னால என்னை ஊமையா உட்கார வெச்சிட்டாங்க. சுற்றறிக்கை அனுப்பி இன்னும் ஒரு வாரம் ஆகல. இதை வெச்சவர் யாரா இருந்தாலும் இன்னிக்கே, இப்பவே வீட்டுக்குப் போறார். யாரோடது இது?”

பதிவறைக்காரர் எழுந்தார். சாவிக்கட்டையை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார். வாயைத் திறந்தார்.

அதற்குள் துப்புரவு அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

“யாரோடதோ, எனக்கென்னங்க தெரியும் ஐயா. திங்கக்கிழமை ஆபீஸ் நெட்டுல ஒண்ணுமே போகலைன்னு நீங்க குதிச்சப்போ, பதிவறைச் சாவிக்கட்டையில எழுதியிருந்ததைப் பாத்து நான்தானே உங்களுக்கும் மத்த எல்லாருக்கும் இதுல போட்டுக் கொடுத்தேன். அந்தச் சுற்றறிக்கை போனதே இந்தப் பெட்டி வழியாத்தானே.”