பார்த்துவிட்டுச் சொல்லும் வேட்பாளர்

வேட்பாளர்களில் எத்தனையோ ரகம் உண்டு. கூப்பிய கையைத் தூக்கத்திலும் பிரிக்காதவர், கண்ணில் பட்ட குழந்தையையெல்லாம் தூக்கிவைத்து அழவிடுகிறவர், போன தேர்தலில் சொன்னதையே புதுச் சட்டை போட்டுக்கொண்டு சொல்கிறவர். இவர்களையெல்லாம் பார்த்திருப்பீர்கள், ஓட்டும் போட்டிருப்பீர்கள், அனுபவித்தும் இருப்பீர்கள். நான் சொல்ல வந்தது ஓர் அபூர்வ ரகம். இன்ஜினியர் வேட்பாளர்.

அடையாளம் காண்பது சுலபம். மேடையில் ஏறுவதற்கு முன் மேடையின் காலை ஆட்டிப் பார்ப்பார். சுவரில் ஒட்டிய தன் படத்தைக் கண்டால் முகத்தைப் பார்க்கமாட்டார், அது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். "கடலெனத் திரண்டிருக்கும் மக்களே" என்று யாராவது ஆரம்பித்தால், பின்னாலிருந்து மெதுவாக, "முந்நூற்றுப் பத்துப் பேர்" என்பார். சட்டசபைக்குப் போகிற மனிதருக்கு இதெல்லாம் எதற்கு? கேட்டால், "சும்மா ஒரு செக்" என்பார்.

எனக்குத் தெரிந்த ஒருவர் குடிநீர் இலாகாவில் இருபத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்தவர். அதை ராஜினாமா செய்துவிட்டுத் தேர்தலில் நின்றார். தோற்றால் திரும்பிப் போய் உட்கார நாற்காலி கிடையாது. மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஜெயிப்பீங்களா?"

"பார்த்துட்டுச் சொல்றேன்."

வினையே இந்த வார்த்தையில்தான். இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். வாடகைக்கு வீடு கேட்டால் வீட்டுக்காரர் சொல்வார், வேலை கேட்டால் மானேஜர் சொல்வார், நாமும் மறுபேச்சில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவோம். இன்ஜினியருக்கோ அகராதியில் இருக்கிற அர்த்தம் மட்டும்தான் தெரியும். பார்ப்பார். பார்த்துவிட்டு, அட கஷ்டகாலமே, வந்து சொல்லியும் தொலைப்பார்.

அந்தத் தொகுதியில் மேட்டின் மேல் ஒரு தெரு. நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. குழாய் கீழே, வீடுகள் மேலே, நடுவில் அறுபத்திரண்டு படி. காலையும் மாலையும் குடம் சுமந்தே முழங்கால் வீங்கிப்போன ஒரு தையல்காரம்மா, ஓட்டுக் கேட்டு வந்தவரை நிறுத்திக் கேட்டார்: "எங்க தெருவுக்குத் தண்ணி வருமா சார்?"

முதல்நாள்தான் எதிர்க்கட்சிக்காரர் அதே இடத்தில் நின்று, "ஜெயிச்ச மறுநாளே வரும்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கிப் போயிருந்தார்.

"பார்த்துட்டுச் சொல்றேம்மா" என்றார் இவர்.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இதுவும் வழக்கம்தானே என்று சிரித்தார்கள். அதோடு விட்டிருந்தால் இன்றைக்கு அவர் எம்.எல்.ஏ. ஆகியிருப்பார். மறுநாள் காலையில், கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பார்களே, அந்த நீள ட்யூபோடு வந்து நின்றார்.

"என்ன சார் இது?"

"உங்க தெருவை மட்டம் பார்க்க வந்திருக்கேன்."

போதாதா? 'மேட்டுத் தெரு மக்களை மட்டமாகப் பார்த்தவருக்கா உங்கள் ஓட்டு?' என்று சாயங்காலமே எதிர்க்கட்சி ஒலிபெருக்கி அலறியது. இவர் பதில் கூட்டம் போட்டார். மட்டம் என்றால் என்ன என்று படம் வரைந்து இருபது நிமிஷம் விளக்கினார். முந்நூற்றுப் பத்துப் பேர் கூட்டம் கரைந்து நாற்பது பேர் ஆயிற்று. அதையும் எண்ணிச் சொன்னவர் அவர்தான்.

மூன்றாம் நாள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு தையல்காரம்மா வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார், தேர்தல் வேலை பார்க்கும் மைத்துனரோடு.

"கீழே இருக்கிற தண்ணித் தொட்டியைவிட உங்க தெரு பதினோரு மீட்டர் உசரம். தண்ணி தானா ஏறாதும்மா. பம்ப் வெக்கணும், கீழே பழைய குழாயை முழுசா மாத்தணும். ரெண்டு வருஷம் நாலு மாசம். மழை பிடிச்சுக்கிட்டா இன்னொரு மூணு மாசம்."

மெஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. அந்தம்மா கிட்டத்தட்டக் கெஞ்சினார்: "சார், 'ஆகட்டும்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்."

"ஆகும்மா. ரெண்டு வருஷம் நாலு மாசத்துல."

மைத்துனர் தலையில் அடித்துக்கொண்டார். "மாமா, வாங்க மாமா, போயிடலாம்."

நாற்பத்து மூன்று ஓட்டில் தோற்றார். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

தோற்ற மனிதர் வீட்டில் சும்மா இருக்கக் கூடாதா? ஆறு மாதம் கழித்து மறுபடி அந்த அறுபத்திரண்டு படியும் ஏறினார். "அம்மா, மன்னிக்கணும். அன்னிக்குக் கணக்குல ஒரு தப்பு. ரெண்டு வருஷம் மூணு மாசம்தான் ஆகும்."

அந்தம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவரையே பார்த்தார். "ஜெயிச்சவர் இன்னும் இந்தப் பக்கமே வரல சார். உங்களுக்குத்தான் போடணும்னு இருந்தேன்."

"ஏம்மா போடல?"

"நீங்கதான் முடியாதுன்னுட்டீங்களே."

"முடியாதுன்னு நான் எப்பம்மா சொன்னேன்? ரெண்டு வருஷம்..."

"அதைத்தான் சார் சொல்றேன்."

சரி, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். நாற்பத்து மூன்று ஓட்டு என்று படித்ததும், அந்தத் தெருவில் இருபத்திரண்டு பேர் மாற்றிப் போட்டிருந்தால் ஜெயித்திருப்பாரே என்று உங்கள் மனசு தானாகக் கணக்குப் போட்டதா? இருபத்திரண்டு சரிதானா என்று இப்போது இன்னொரு தரம் போட்டுப் பார்க்கிறீர்களா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம், நீங்களும் இந்த ரகம்தான். தேர்தல் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

கணக்கே போடவில்லையா? நல்லது. குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள்.