சத்தம் பத்தல, ஹிலாரி

ஏழு மணி ஆகப் போகிறது. மீன் கூடை தோளில் கனக்க, ஹிலாரி லாரியைப் பார்த்து ஓடினார். மங்களூர் பந்தர் மீன்பிடித் துறைமுகத்தில் லோடு ஏறுவதும் ஏழு மணிக்குத்தான், வீட்டு ஜெபமாலையும் ஏழு மணிக்குத்தான்.

எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது, ஆண்டவருக்கு மட்டும் இல்லையா என்று பூசையில் பாதிரியார் கேட்டதை மனைவி லவீனா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். தினமும் போனில் குடும்ப ஜெபமாலை. ஒவ்வொரு ஜெபத்திலும் முதல் பாதியை அவள் சொல்வாள். பெங்களூர் மகனும் குவைத் மகளும் ஹிலாரியும் மறுபாதியைச் சொல்ல வேண்டும். யார் தவறினாலும் கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கறி கிடையாது. கிறிஸ்துமஸ் தையல் வேலை கழுத்துவரை இருந்தும் அவள் ஒருநாள்கூடத் தவறவில்லை.

தொடங்கிய ஞாயிறு ஹிலாரி வீட்டில் உட்கார்ந்தே சொன்னார். உடம்பு அசதி. பாதியில் கண்ணயர்ந்து திட்டு வாங்கினார்.

திங்களன்று தன் பாதியைப் பழைய போனில் பதிந்து, இரண்டு போனையும் லாரி டிரைவர் தேஜப்பா பூஜாரியிடம் கொடுத்தார். புதுப் போனில் அழைப்பு வந்ததும் ஸ்பீக்கரைப் போட்டு, பழையதைப் பக்கத்தில் வைத்து ஓடவிட வேண்டும். லோடு ஏறும்வரை வெற்றிலை மெல்வதைத் தவிர தேஜப்பாவுக்கு வேறு வேலை இல்லை.

நன்றாகத்தான் போனது. குவைத்தில் மகள் தும்மினாள். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று கூடையோடு போகிறபோதே ஹிலாரி கவலைப்பட்டார். அப்போது லவீனா அதட்டினாள்.

"ஹிலாரி, சத்தம் பத்தல. தூங்குறியா?"

பின்னால் குக்கர் விசிலடித்தது.

மறுநாள் ஐஸ் கட்டி மேல் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்திப் பதிந்தார். யாரோ தண்ணீரில் விழுந்துவிட்டதாக நினைத்துப் படகுக்காரர்கள் கயிறோடு ஓடிவந்தார்கள். அன்றும் சத்தம் பத்தவில்லையாம்.

அதற்கடுத்த நாள் மீன் ஏலம் விடும் மைக்கை இரவல் வாங்கிப் பதிந்தார். 'மரியே' என்று கேட்டபோதெல்லாம் கேரளத்து வியாபாரி ஒருவர் கையைத் தூக்க, கானாங்கெளுத்தி வஞ்சிர விலைக்குப் போய்விட்டது. மேஸ்திரி ஆளைத் தேட, ஹிலாரி வலைக் குவியலுக்குள் ஒளிந்தார். அங்கேயும் லவீனாவின் அதட்டல் வந்து சேர்ந்தது.

இன்று மிஷினை நம்பாமல், கூடவே சொல்லச் சொல்லி தேஜப்பாவின் தாடையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தார். கேட்டுக் கேட்டு அவனுக்கு மனப்பாடம்.

ஆனால் பாதியிலேயே பழைய போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துபோனது. தேஜப்பாவின் வெற்றிலைக் குரல் மட்டும் தனியாக முழங்கியது. இதற்குமேல் மறைக்க முடியாது என்று ஹிலாரி வேர்த்து நிற்கையில் குரல் வந்தது.

"ஹிலாரி, சத்தம் பத்தல. தூங்குறியா?"

கூடை நழுவியது. ஹிலாரி மீன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "போச்சு தேஜப்பா. கறி போச்சு."

தேஜப்பா ஜெபத்தை நிதானமாக முடித்து, போனை அணைத்து, எச்சிலைத் துப்பினான்.

"ஒண்ணும் போகல, பொர்பு அண்ணே. நாலு நாளா அக்கா அதே இடத்துலதான் அதட்டுறாங்க, குக்கர் அதே இடத்துலதான் விசிலடிக்குது, உங்க பொண்ணு அதே இடத்துலதான் தும்முது, பையன் அதே இடத்துலதான் கொட்டாவி விடுறான். இன்னைக்கு அந்த லைன்ல ஆளா உக்காந்து ஜெபம் சொன்னது நான் ஒருத்தன்தான், கறியை எங்க வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க."