சர்க்கரையில் சீனியர்

மனிதர்களில் ‘சர்க்கரை சீனியர்’ என்றோர் இனம் உண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் தாராளமாகப் பார்க்கலாம். நேற்றுத்தான் சர்க்கரை வந்த அப்பாவி யாராவது முகம் வாடி உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் போய் அமர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “எனக்கு இருபது வருஷம்” என்பார். ஏதோ பட்டாளத்தில் இருந்து வந்தவர்போல. பதக்கம் ஒன்றுதான் பாக்கி.

எனக்குத் தெரிந்த சீனியர் ஒருவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவருடைய மைத்துனருக்குப் போன மாதம் சர்க்கரை வந்தது. கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து மைத்துனருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. துணைக்குச் சீனியர் போனார். வழியெல்லாம் உபதேசம்: சர்க்கரை நாய்க்குட்டி மாதிரி, வருஷம் ஆக ஆகப் பழகிவிடும், கடிக்காது.

கண் டாக்டர் மைத்துனரைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அதோடு எழுந்து வந்திருக்கலாம். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுப்பானேன்? தனக்கு இருபது வருஷம் என்றும், ஒரு தடவைகூடக் கண்ணைக் காட்டியதில்லை என்றும் சீனியர் பெருமையாகச் சொன்னார். டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். ரத்தக்கொதிப்பு? உண்டு, மாத்திரை தலை சுற்றினால் மட்டும். கொழுப்பு? அதற்கென்ன, நிறைய. சிறுநீரகம்? போன வருஷமே கொஞ்சம் மக்கர். சிகரெட்? கார் பழக வருகிறவர்கள் படுத்தும் பாட்டைப் பொறுத்து. சர்க்கரை? சோதனைக்கு முன்னால் மட்டும் பத்தியம் இருப்பதால் பிரமாதம். டாக்டர் விரலை மடக்க மடக்க, பரிசு தனக்கே என்று சீனியரின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று.

“எத்தனை வாங்கியிருக்கேன் டாக்டர்?”

“இதெல்லாம் மார்க் இல்லைங்க. கண்ணைக் கெடுக்கிற காரணங்க. அந்த இருபது வருஷமும் அதுல ஒண்ணு.”

“எனக்கு நல்லாத் தெரியுதே.”

“கெட ஆரம்பிக்கும்போது நல்லாத்தான் தெரியும்.”

சீனியரின் கண்பாவை விரியச் சொட்டு மருந்து விட்டு வெளியே உட்காரவைத்தார்கள். உலகம் பாலில் முக்கி எடுத்ததுபோல் ஆகிவிட்டது. மூலையில் நின்ற எடை பார்க்கும் இயந்திரத்திடம் தன் இருபது வருஷக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவரை மைத்துனர்தான் மீட்டு உள்ளே கூட்டிப் போனார். விழித்திரையில் பொட்டுப் பொட்டாக ரத்தம் கசிந்திருந்தது. இப்போதே கவனித்தால் பார்வையைக் காப்பாற்றலாம். விட்டால் காரும் இல்லை, கற்றுக்கொடுப்பதும் இல்லை.

சீனியர் கார் சாவியை மைத்துனரிடம் நீட்டினார்.

திரும்பும்போது மைத்துனர் ஓட்டினார். அவரிடமே பழகியவர்; நத்தை முந்திப் போகும். சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்தபடி வந்தார். பாதி வழியில் மெல்லக் கேட்டார்:

“உன் அக்காகிட்ட நீயே சொல்லிடுறியா?”

“நீங்க சொல்லுங்க அத்தான். நீங்கதானே சீனியர்.”

இப்போது சிகரெட் இல்லை. மாத்திரை வேளை தவறுவதில்லை. கசிவும் மேற்கொண்டு பரவவில்லை. ஆனால் வராந்தாவில் யாராவது கண்ணைக் கசக்கினால் போதும், “எனக்கு விழித்திரையிலேயே” என்று ஆரம்பித்துவிடுகிறார். பதவி உயர்வு!

இதைப் படித்ததும், ‘அச்சு அசல் நம்ம சகலைதான், அவரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்’ என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? அவசியம் போங்கள். துணைக்கு வந்தவர் பக்கமும் அந்த நாற்காலி திரும்பும்.