டிரைவர் உட்கார்ந்த மறியல்

வேலம்புதூர்,
சூலூர் வழி.
வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி காளிச்சாமிக்கு அக்கா எழுதுவது. நீயும் உன் சம்சாரமும் பிள்ளைகளும் உங்கள் வீட்டு நாயும் சௌக்கியமாக இருப்பீர்கள். நான் சௌக்கியம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதிவிட்டேன். அதை நம்பாதே.

திங்கட்கிழமை காலை ரோட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு எவரும் ‘நான் அங்கே இல்லவே இல்லை’ என்று சொல்லக் கூடாது. நான். என் மகன் அங்கப்பனின் மகள் பூஜிதா. காந்திபுரம் துணிக்கடைக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் சாஜிதா பேகம். மில்லுக்குப் போகும் மோகனப்பிரியா. டவுன் பஸ் டிரைவர் மிதுன். கண்டக்டர் நரசிம்மலு. கடைசியில் வந்து சேர்ந்த அங்கப்பன். எல்லார் முகமும் எனக்கு அச்சடித்த மாதிரி ஞாபகம் இருக்கிறது.

விஷயம் இதுதான். பொம்பளைகளுக்கு டிக்கெட் காசு இல்லை என்று ஆனதில் இருந்து எங்கள் ஸ்டாப்பில் எட்டு மணி பஸ் நிற்பதில்லை. தூரத்தில் சேலை தெரிந்தாலே வேகம் எடுக்கிறான். மோகனப்பிரியாவுக்கு மில்லில் பாதிநாள் ஆப்சென்ட். பூஜிதாவுக்குக் காலேஜில் வருகை குறைந்து, பரீட்சை எழுத விடமாட்டோம் என்று கடுதாசி வந்துவிட்டது. உன் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று கேட்டேன். வீடு சின்னது என்றாய். நாய்க்குத் தனி ரூம் இருப்பதை நான் தீபாவளிக்கு வந்தபோது பார்த்தேன். அது இருக்கட்டும்.

ஆம்பளை நின்றால் பஸ் நிற்கிறது என்று கண்டுபிடித்தது சாஜிதா. உடனே சோளக்காட்டுப் பொம்மையைப் பிடுங்கி வந்து, அங்கப்பன் சட்டையை மாட்டி, தலைக்குத் துண்டு கட்டி ஸ்டாப்பில் நட்டோம். பஸ் நின்றது! மூன்று நாள் எல்லாரும் மகாராணி மாதிரி ஏறிப் போனார்கள். நாலாம் நாள் நரசிம்மலு இறங்கி, “ஏனுங்க, ஏறுங்க” என்று பொம்மையின் கையைப் பிடித்து இழுத்ததில் கை கழன்று வந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் பார்த்து அங்கப்பன் சூலூர் போக அதே சட்டையைப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் நின்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். கையை ஆட்டினானாம். “காத்துல ஆடுது பாரு” என்றார்களாம். வீட்டுக்கு வந்து சொம்பை வீசி எறிந்தான். “இனி காலேஜும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். வரன் பாத்துக் கட்டிக் குடுத்துப்போடலாம்” என்றான்.

அஞ்சாவதோடு என்னை நிறுத்தினபோதும் இதே பேச்சுதான். சூலூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் இல்லை என்று அப்பன் சொல்ல, எட்டு வயசு நீ சோற்றைப் பிசைந்துகொண்டே “அக்காளுக்கு எதுக்குப் படிப்பு?” என்றாய். அன்றைக்குப் பருப்புச் சோறு. நெய் உனக்கு மட்டும்.

அதனால் திங்கட்கிழமை கோரைப்பாயை நடுரோட்டில் விரித்து உட்கார்ந்தோம். இனி இங்கே நின்றுதான் போவோம் என்று பஸ்காரர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் எழுந்திருப்பது என்று பேச்சு. பூஜிதா ராத்திரியெல்லாம் எழுதிப் பாடம் பண்ணி வைத்திருந்தாள். பஸ் வந்தது. நின்றது. டிரைவர் இறங்கினான்.

“ஏனுங்க, எந்திரிங்க. டைம் ஆகுதுங்க.”

பூஜிதா காகிதத்தைப் பிரித்து, “எங்களோட கோரிக்கை என்னன்னா...” என்று ஆரம்பித்தாள். அப்போதுதான் எங்களில் ஒருத்தி அந்தப் பாழாய்ப் போன கேள்வியைக் கேட்டாள்.

“ஏங்கண்ணு, உனக்கு எந்த ஊரு?”

“காரமடைப் பக்கமுங்க.”

“அங்க யாரூடு?”

“மாட்டு வைத்தியரூடுங்க. அவரு பேரனுங்க.”

அவ்வளவுதான். வைத்தியர் சம்சாரம் யார், அவள் அண்ணன் எங்கே பெண் எடுத்தான் என்று நூல் பிடித்துக்கொண்டே போனதில், அவன் பூஜிதாவுக்கு மாமன் மகன் முறை என்று முடிந்தது. முறை மாப்பிள்ளையை வெயிலில் நிறுத்துவதா? மோகனப்பிரியா தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தாள். சாஜிதா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். உட்கார இடம் வேண்டுமே என்று நாங்கள் எல்லாரும் எழுந்து பாயை அவனுக்கு விட்டோம்.

“அக்கா, நாமதானே உக்காந்திருக்கோணும்?” என்று சாஜிதா காதில் சொன்னாள். சொன்னவளே முறுக்கையும் நீட்டினாள்.

“டேய் மிதுனு, வண்டிய எடுறா!” என்று நரசிம்மலு கத்தினான். “அண்ணா, சொந்தக்காரங்கண்ணா” என்று இவன் முறுக்கைக் கடித்தான். எவனோ போட்டோ எடுத்துச் செல்போனில் அனுப்பிவிட்டான். நடுரோட்டில் பாய், பாயில் டிரைவர், சுற்றிலும் நாங்கள் விசிறிக்கொண்டு. கீழே ‘பஸ் டிரைவர் திடீர் மறியல், பெண்கள் சமாதானப் பேச்சு’ என்று எழுதியிருக்கிறது. உனக்கும் வந்திருக்கும். சத்தம் கேட்டு வந்த அங்கப்பன், விஷயம் தெரிந்ததும் பொம்மைச் சட்டையை மறந்துபோட்டு, “தம்பிக்கு வேலை நிரந்தரமுங்களா?” என்று விசாரித்தான். பூஜிதா காகிதத்தை நாலாக மடித்து மறுபடி பைக்குள் வைத்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

சாஜிதாவுக்கு முறுக்கு கொடுக்கப் புத்தி இருக்கலாமா? மோகனப்பிரியாவுக்குத் தண்ணீர் எடுக்க அப்படி என்ன அவசரம்? ஒருத்தரையும் விடமாட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமை வந்து அங்கப்பனிடம் நாலு வார்த்தை நறுக்கென்று பேசவும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உன் சம்சாரத்தை விசாரித்ததாகச் சொல். எனக்கு நெய் வைக்காமல் உனக்கு வைத்த நம் அம்மா, மேலே இருந்து எல்லாரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
மாரியாத்தாள்.

பின்குறிப்பு: ஒட்டும் முன் இதையும் எழுதுகிறேன். செவ்வாயில் இருந்து எட்டு மணி பஸ் நிற்கிறது. ஒரு பொம்பளை நின்றாலும் நிற்கிறது. மூன்று ஹாரன் அடிக்கிறான். பூஜிதாவுக்கென்று ஜன்னல் சீட்டில் துண்டு போட்டு வைக்கிறார்கள். மோகனப்பிரியா மில்லுக்கு நேரத்தோடு போகிறாள். ஆனால் பூஜிதா அதில் ஏறுவதில்லை. பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறதாம். இரண்டு மைல் நடந்து அடுத்த ரோட்டுக்குப் போகிறாள். நேற்று செருப்பைக் கழற்றிக்கொண்டே, “அப்பத்தா, எனக்காகத்தானே ரோட்டுல உக்காந்தீங்க?” என்று கேட்டாள். ராத்திரி அங்கப்பனைக் கூப்பிட்டு, பரீட்சை முடியும் முன்னால் கல்யாணப் பேச்சு எடுத்தால் நான் ஒண்டியாக ரோட்டில் உட்காருவேன், இந்தத் தடவை எவனையும் எந்த ஊர் என்று கேட்கமாட்டேன் என்று சொல்லிப்போட்டேன். அதனால் நீ ஞாயிறு வர வேண்டாம். அன்று பூஜிதா பெட்டியோடு உன் வீட்டுக்கு வருகிறாள். நாயை ஹாலுக்கு மாற்று. இதைச் செய்தால் பருப்புச் சோற்று விஷயத்தை மன்னித்துவிடுகிறேன். சாஜிதாவையும் மோகனப்பிரியாவையும் இன்று காலையே மன்னித்தாயிற்று. அங்கப்பனையும், அந்தப் பஸ்காரப் பையனையும்கூட.

அந்தக் கேள்வியைக் கேட்டவளை மட்டும் சாகிற வரைக்கும் மன்னிக்கமாட்டேன். அவள் பெயர் மாரியாத்தாள்.